உங்கள் தெரு டீக்கடையில் பேப்பர் கப்பைக் குறைப்பது எப்படி

மதுரையில் எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் டீ கிடைக்கும். மாட்டுத்தாவணியில் ராத்திரி 2 மணிக்கும் பாய்லர் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த டீயில் நிறைய இப்போது பேப்பர் கப்பில்தான் போகிறது. பருத்திப்பால்கூட அப்படி ஆகிவிட்டது. குடிக்க ஐந்து நிமிஷம், அதற்கப்புறம் அந்தக் கப் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஆள் கிடையாது. கடைக்காரர் குடித்தவரைக் காட்டுவார், குடித்தவர் "தொட்டி எங்கே வச்சிருக்காங்க?" என்பார், தெருவில் குடியிருப்பவர்கள் மாநகராட்சியைச் சொல்வார்கள், மாநகராட்சி ஆட்கள் "பிரிச்சுக் குடுத்தாத்தானே எடுக்க முடியும்" என்பார்கள். எல்லோர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, கப் மட்டும் சாக்கடை ஓரத்திலேயே கிடக்கிறது.

ஊரையே திருத்துவதைப் பற்றி நான் எழுதவில்லை. ஒரு தெரு, ஒரு டீக்கடை, அதைச் சுற்றி இருக்கிற நாம். இந்த அளவில் என்ன செய்ய முடியும், யார் எதைச் செய்யவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். முதலில் கப்பைக் குறைக்கவேண்டும், அப்புறம்தான் மிச்சமாகும் கப்பை என்ன செய்வது என்ற பேச்சு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடை வாசலில் ஒரு நீலத் தொட்டியை வைத்துவிட்டு மறுசுழற்சி ஆகிவிட்டது என்று நிம்மதி அடைகிறார்கள். அந்தத் தொட்டியில் விழும் கப் எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால் அவனியாபுரம் பக்கம் வெள்ளைக்கல் குப்பைக்கிடங்கில் கொண்டுபோய் விடும்.

அது ஏன் பேப்பரோடு சேராது

இது தெரிந்தால்தான் மற்றவர்களிடம் பேச முடியும். பேப்பர் கப் வெறும் பேப்பர் இல்லை. சூடான டீயை ஊற்றினால் ஊறிப் போகாமல் இருப்பதற்காக உள்பக்கம் மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருக்கும், எடையில் அது 5 முதல் 10 சதவீதம் வரை வரும். பழைய பேப்பரைக் கூழாக்கும் ஆலையில் செய்தித்தாளோ நோட்டுப் புத்தகமோ தண்ணீரில் போட்டுக் கலக்கினால் கரைந்துவிடும். கப் அப்படிக் கரையாது. பேப்பர் கூழாகிப் பிரிந்தாலும் பிளாஸ்டிக் படலம் தாள்தாளாக மிதந்து சல்லடையை அடைக்கும். இந்தப் படலத்தைப் பிரித்தெடுக்கத் தனி இயந்திரம் வைத்திருக்கிற ஆலைக்குத்தான் கப் கச்சாப்பொருள். அந்த ஆலைக்கும் ஈரமில்லாமல், வேறு குப்பை கலக்காமல், டன் கணக்கில் வேண்டும்.

இதை யாரும் உங்கள் வாய்வார்த்தையை வைத்து நம்பவேண்டியதில்லை. ஒரு கப்பை நாலாகக் கிழித்து வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் விரலால் தேய்த்தால் பேப்பர் உரிந்துகொண்டு வரும், கையில் கண்ணாடிபோல ஒரு பாலிதீன் துண்டு மிஞ்சும். கடைக்காரரிடம் அதைக் காட்டினால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி. ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துச் சொல்லலாம். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மி.லி. வெந்நீரை பேப்பர் கப்பில் 15 நிமிஷம் வைத்திருந்தபோது ஏறக்குறைய 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்திருந்தன. சுகாதாரத்துக்காகத்தான் பேப்பர் கப் கேட்கிறேன் என்பவர்களிடம் குப்பையைப் பற்றிப் பேசுவதைவிட இதைச் சொன்னால் சீக்கிரம் காதில் ஏறும்.

பழைய பேப்பர் கடையில் கப்பை எடுக்காததற்கு இன்னொரு காரணம் எடை. சின்ன டீ கப் ஒன்று 2 கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும். ஒரு கிலோ சேர 500 கப் வேண்டும். 500 கப்பை அப்படியே சாக்கில் போட்டால் சாக்கே நிறைந்துவிடும், உள்ளே மிச்ச டீ, சர்க்கரை, பீடித் துண்டு, எறும்பு. தெருத்தெருவாகச் சைக்கிளில் சுற்றும் ஆள் அதை எதற்கு ஏற்றிக்கொண்டு போவார்? அட்டைப்பெட்டி கிடைத்தால் எடுப்பார், அதில் காசு இருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் அடுத்ததாக "பிளாஸ்டிக் ரோடு போடலாமே" என்பார்கள். பெருமைப்படவேண்டிய விஷயம்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது, 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆனால் அந்த முறையில் சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் தூள் உருகிப் படியவேண்டும், சுத்தமான பாலித்தீன் பையும் உறையும் அதற்குப் பொருந்தும். கப்பில் பத்தில் ஒன்பது பங்கு காகிதம். அது உருகாது.

சட்டம் என்ன சொல்கிறது

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2018 ஜூனில் அரசாணை வந்தது, 2019 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. அந்த 14 பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது. கப் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனது, 2023 அக்டோபரில் கப் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதாவது காலையில் நாம் கையில் வாங்குவது தடை செய்யப்பட்ட பொருள். டீக்கடைக்காரர்களில் நிறையப் பேருக்கு இது தெரியாது. பாலிதீன் பைக்குத்தான் தடை, பேப்பருக்கு இல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டதும் உடனே புகார் எழுதக் கிளம்பவேண்டாம் என்பது என் கருத்து. அபராதம் வந்தால் முதலில் விழுவது தள்ளுவண்டியில் டீ விற்பவர் தலையில். கப்பைத் தயாரிக்கிறவர், மொத்தமாக விற்கிறவர், கிடங்கு வைத்திருப்பவர் இவர்களையெல்லாம் தாண்டித்தான் அது அந்த வண்டிக்கு வருகிறது. பிளாஸ்டிக் பொதிகளுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்கவேண்டும் என்ற விதி மத்திய அரசின் சட்டத்திலேயே இருக்கிறது. புகார் எழுதினால் மொத்த விற்பனையைப் பற்றி எழுதுங்கள். தெருக் கடைக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

குடிக்கிறவர் செய்யவேண்டியது

கடையில் நின்று குடிக்கிறீர்கள் என்றால் டீ சொல்லும்போதே "அண்ணே, கிளாஸ்ல குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். கப்பில் ஊற்றிய பிறகு சொன்னால் அந்தக் கப்பும் வீண், டீ மாஸ்டருக்கும் எரிச்சல். கூட்ட நேரத்தில் கப்பை வரிசையாக அடுக்கிவைத்து ஒரே இழுப்பாக ஊற்றிக்கொண்டு போவார்கள், அதனால் ஆற்ற ஆரம்பிக்கும் முன்னாலேயே சொல்லவேண்டும். தினமும் போகிற கடை என்றால் ஒரு வாரத்தில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் கிளாஸை எடுத்துவிடுவார். கடையில் கிளாஸே இல்லை என்றால் சொந்தமாக ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை வண்டிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பார்சலுக்குப் பிளாஸ்க், இல்லாவிட்டால் தூக்குவாளி. நம் வீடுகளில் தூக்குவாளி இன்னும் இருக்கிறது, பரணில் கிடக்கிறது, அவ்வளவுதான். பாலிதீன் கவரில் கொதிக்கிற டீயை ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். கவரும் தடைப் பட்டியலில் இருக்கிறது, அதோடு சேர்த்துக் கொடுக்கிற நாலு கப்பும் அதே பட்டியல்தான்.

ஆபீஸ், ஜவுளிக்கடை, பட்டறை, லேத் இங்கேதான் கப் அதிகமாகக் கரைகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் காலையும் மாலையும் டீ கொண்டுவருகிற தம்பி ஒரு கையில் பிளாஸ்கும் இன்னொரு கையில் கப் கட்டுமாகத்தான் வருகிறார். அவரைக் கேட்டுப் பயனில்லை, முதலாளியிடம் பேசவேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குப் பன்னிரண்டு டம்ளர், ஆளுக்கு ஒரு அடையாளம், குடித்தவர் கழுவி வைப்பது. கழுவுகிற வேலையை அங்கே இருக்கிற ஒரே பெண் ஊழியர் தலையில் கட்டிவிடாதீர்கள். பல இடங்களில் இந்த ஏற்பாடு ஒரு மாசத்தில் படுத்துவிடுவதற்கு அதுதான் காரணம், அவர் சலித்துப்போய் நிறுத்தினால் அது அவர் தப்பு இல்லை.

கடைக்காரர் செய்யவேண்டியது

கடைகள் கிளாஸை விட்டுக் கப்புக்கு மாறியதற்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. கழுவ ஆள் கிடைப்பதில்லை. கோடையில் தண்ணீரும் கிடைப்பதில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது யாருமே இன்னொருவர் வாய்வைத்த கிளாஸைத் தொடத் தயாராக இல்லை. அந்தப் பயம் போனாலும் பழக்கம் நின்றுவிட்டது. இதையெல்லாம் காதில் வாங்காமல் "கிளாஸுக்கு மாறுங்கண்ணே" என்று புத்திமதி மட்டும் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், மறுநாளும் கப்தான்.

எனவே பேச்சைக் கழுவுவதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். வாடிக்கையாளருக்குக் கிளாஸ் மேல் வெறுப்பு இல்லை, ஒரே வாளியில் காலையிலிருந்து கலங்கிப்போன தண்ணீரில் முக்கி எடுத்த கிளாஸின் மேல்தான் வெறுப்பு. அதற்கு மூன்று தொட்டி போதும். முதல் தொட்டியில் மிச்ச டீயும் சர்க்கரையும் போக ஒரு அலசு. இரண்டாவதில் சோப்புத் தண்ணீர், பிரஷ் உள்ளே போய் விளிம்புவரை ஒரு சுற்று. உதடு படுகிற இடம் விளிம்புதான், பலரும் அடியை மட்டும் தேய்த்துவிட்டு விளிம்பை விட்டுவிடுகிறார்கள். மூன்றாவதில் நல்ல தண்ணீர். அப்புறம் பாய்லரில் எப்போதும் கொதிக்கிற வெந்நீர் இருக்கிறதே, அதைப் பிடித்து ஒரு ஊற்று. கவிழ்த்து வைக்கத் துளை போட்ட தட்டோ கம்பித்தட்டோ வேண்டும். ஈரத்துணியால் துடைக்கக்கூடாது, கழுவியதெல்லாம் வீணாகிவிடும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட இந்த முறையில் தண்ணீர் பலமடங்கு மிச்சம். மூன்றாவது தொட்டித் தண்ணீர் மங்கலானால் அதை முதல் தொட்டிக்கு மாற்றிவிட்டு மூன்றாவதில் புதுசு பிடிக்கலாம், தண்ணீர் லாரி வாங்குகிற கடைகளுக்கு இது பெரிய விஷயம்.

கழுவுகிற இடத்தைக் கடைக்குப் பின்னால் ஒளிக்காமல் முன்னால் வையுங்கள். கண்ணால் பார்த்தவர்கள் தயங்காமல் கிளாஸை வாங்குவார்கள். ஜிகர்தண்டாவை இன்றும் கண்ணாடி கிளாஸில் கொடுக்கிற கடைகள் நம் ஊரில் இருக்கின்றன, அங்கே யாரும் பேப்பர் கப் கேட்டுச் சண்டை போடுவதில்லை.

எத்தனை கிளாஸ் வாங்குவது? கூட்ட நேரத்தில் ஒரே சமயம் எத்தனை பேர் கையில் டீ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அதைப்போல இரண்டு மடங்கு. பாதி கையில், பாதி கழுவுவதில். காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். சின்னக் கப் ஒன்று 50 பைசா என்று வைத்துக்கொண்டாலே நாளுக்கு 400 டீ போகிற கடைக்கு 200 ரூபாய், மாசம் 6,000 ரூபாய். அந்தக் காசில் கிளாஸ் கழுவ ஒருவருக்கு காலை மாலை இரண்டு வேளைக் கூட்ட நேரத்துக்காவது பகுதிநேரக் கூலி கொடுக்கலாம், அது நம் தெருவில் ஒருவருக்குப் போகும். கிளாஸ் உடையத்தான் செய்யும். உடைவதைக் கழித்தாலும் முதல் மாசத்துக்கு அப்புறம் கணக்கு கடைக்காரர் பக்கம்தான் வரும். வண்டிக்கடை என்றால் கண்ணாடியைவிட எவர்சில்வர் தேவலாம், கை சுடாதபடி விளிம்பு மடித்த டம்ளராகப் பார்த்து எடுங்கள். வெண்கலக்கடைத் தெருப் பக்கம் போனால் கிலோக் கணக்கில் கிடைக்கும்.

கப்பை அடியோடு நிறுத்த முடியாத கடைகளுக்கு ஒரு வழி உண்டு. கப் கேட்கிறவருக்கு மட்டும் கொடுப்பது, அதற்கு ஒரு ரூபாய் தனியாக வாங்குவது. கிளாஸில் குடித்தால் ஒரு ரூபாய் தள்ளுபடி என்று சொன்னால் பெரிதாக யாரும் கவனிப்பதில்லை. கப்புக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்று எழுதி வைத்தால் எல்லோரும் படிக்கிறார்கள்.

கிராமத்துப் பக்கம் கிளாஸைத் திரும்பக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், இது மிக முக்கியம். நம் பகுதியில் இரட்டைக் குவளை முறை இருந்தது எல்லோருக்கும் தெரியும். சில இடங்களில் அது ஒழிந்ததுபோலத் தெரிந்ததே தூக்கியெறியும் கப் வந்ததால்தான், சில இடங்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கப், மற்றவர்களுக்குக் கிளாஸ் என்று வேறு வடிவத்தில் தொடரவும் செய்தது. அதனால் கப் போய்க் கிளாஸ் வரும்போது எல்லோருக்கும் ஒரே கிளாஸ், ஒரே தொட்டி, ஒரே தட்டு என்பது முதல் நாளே உறுதியாக வேண்டும், கழுவும் வேலையும் சாதி பார்த்துப் போகக்கூடாது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது, மீறினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. குப்பையைக் குறைக்கிறேன் என்று அந்தக் கேவலத்தைத் திரும்பக் கொண்டுவருவதைவிட பேப்பர் கப்பே இருந்துவிட்டுப் போகலாம்.

மிச்சமாகிற கப்புக்கு: கொட்டு, அடுக்கு, காயவை

என்ன செய்தாலும் கொஞ்சம் கப் மிச்சமாகும். அதை எடுக்கத்தக்கதாக மாற்றுவது மூன்று சின்ன வேலையில் இருக்கிறது, மூன்றும் குடித்தவர் கையிலேயே முடியவேண்டியவை. மிச்ச டீயைக் கொட்டவேண்டும், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கவேண்டும், ஈரம் காயவேண்டும். கசக்கிப் போடுவதுதான் நம் கைப் பழக்கம், அந்த ஒரு பழக்கம் போனாலே பெரிய மாற்றம். அடுக்கின 500 கப் அது கடைக்கு வந்த அதே அட்டைப்பெட்டியில் திரும்ப அடங்கும்.

கடை வாசலில் என்ன வைக்கவேண்டும் என்றால், ஒரு வாளி, அதன்மேல் ஒரு பழைய சல்லடை. மிச்ச டீயை அதில் கொட்டலாம், வடைத் துண்டும் பீடித் துண்டும் சல்லடையிலேயே நின்றுவிடும். பக்கத்தில் நிமிர்த்தி வைத்த ஒரு பிவிசி குழாய், இடுப்பு உயரத்துக்கு. குழாய் வாங்கப் போகும்போது கப்பையே கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்கவேண்டும், ஆனால் உள்ளே படுத்துவிடக் கூடாது. கப்பைக் கவிழ்த்துத்தான் விடவேண்டும், அப்போதுதான் மிச்சச் சொட்டு கீழே வடியும். குழாயின் அடியில் நாலைந்து துளை, பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. அந்த வெட்டு வழியாகக் காற்றும் போகும், நிறைந்ததும் விரலை விட்டு அடுக்கை மேலே தள்ளி எடுக்கவும் வசதி. குழாயைப் பார்த்தாலே பிள்ளைகள்கூட என்ன செய்யவேண்டும் என்று புரிந்துகொள்கிறார்கள், பெரிய பலகை எழுத்து எதுவும் தேவையில்லை. சாயங்காலம் அடுக்குகளை எடுத்து வெயில் படும் இடத்தில் ஒருநாள் வைத்தால் காய்ந்துவிடும், மதுரை வெயில் அதற்காவது உதவட்டும்.

காய்ந்த அடுக்கைப் பெட்டியில் கட்டி, மக்காத குப்பையோடு தனிப் பொட்டலமாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கவேண்டும். மக்கும் குப்பையில் போட்டால் நுண் உரக்கூடத்தில் உரத்துக்குள் அந்தப் படலம் கிழிந்து கிழிந்து கலக்கும். டீத்தூள் சக்கை மட்டும் மக்கும் குப்பைக்குப் போகலாம், நல்ல உரம். நர்சரி வைத்திருப்பவர் யாராவது தெரிந்தவர் இருந்தால் காய்ந்த கப்பை நாற்று போடக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், கப்பின் அடியில் ஒரு துளை போட்டால் போதும். நடும்போது கப்பை உருவிவிட்டுத்தான் மண்ணில் வைக்கவேண்டும்.

செய்யவே கூடாதது எரிப்பது. ராத்திரி கடை சாத்தும்போது கப்பைக் குவித்துத் தீ வைப்பதும், அடுப்பு பற்றவைக்க அதை உபயோகிப்பதும் பல இடத்தில் நடக்கிறது. அந்தப் புகை கடைக்கு மேல்மாடியில் தூங்குகிற குழந்தைக்குத்தான் போகும். அதேபோல் மழைக்காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை திறந்தவெளியில் கிடக்கும் ஒவ்வொரு கப்பும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிட இடம், தேங்காய்ச் சிரட்டையும் பழைய டயரும் போலத்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், எனவே மழை மாசங்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது கடையைச் சுற்றி, சாக்கடை ஓரம், கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனை எல்லாவற்றிலும் கப்பைப் பொறுக்கிவிடவேண்டும். இதைக் கடைக்காரர் மட்டும் செய்ய முடியாது. காலி மனைக்குச் சொந்தக்காரரைத் தேடிப் பிடிப்பது தெருக்காரர்கள் வேலை.

கல்யாணம், அன்னதானம், தண்ணீர்ப்பந்தல்

ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கப் கரைவது இங்கேதான். கல்யாண மண்டபத்தில் காபி கப்பில் வருவது சமையல் கான்ட்ராக்ட்டிலேயே சேர்ந்துவிடுகிறது, அதனால் பாக்கு வைத்து முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே "டம்ளர்லதான் காபி, கழுவுற ஆளுக்கும் சேர்த்துச் சொல்லிருங்க" என்று பேசிவிடவேண்டும். கடைசி வாரத்தில் சொன்னால் ஆள் இல்லை என்பார்கள். டம்ளர் வாடகைப் பாத்திரக்கடையிலேயே கிடைக்கும். திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, அனுமதி பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டம் கூட்டினால் மூன்று வேலை நாளைக்கு முன்னால் உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும், குப்பையைப் பிரித்துத் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. தெருவில் பந்தல் போட்டுக் காதுகுத்து வைப்பவர்களும் இதில் வருவார்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையை நினைத்துப் பாருங்கள். நீர்மோரும் பானகமும் கொடுக்கிற அத்தனை பந்தலிலும் கப் என்றால் அவ்வளவும் கடைசியில் ஆற்றுக்குள்தான். புண்ணியத்துக்குச் செய்வது வைகையை நிரப்பக்கூடாது. பந்தல் போடுகிறவர்களுக்கு என் யோசனை, சங்கிலி கட்டிய டம்ளரும் அண்ணாந்து குடிப்பதும்தான். நம் ஊர்க்காரர்களுக்கு உதடு படாமல் குடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் தனியாகக் கொஞ்சம் டம்ளர் வைத்து அதைக் கழுவ ஒரு ஆளை நிறுத்தினால் போதும். மண் குவளையில்தான் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மானாமதுரைக்குப் போகலாம், அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சுட்ட மண் மழையில் கரைந்து போகாது, குவளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அதற்கும் வேண்டும்.

இதோடு சேர்த்து, "மக்கும் கப்" என்று விற்பவர்களிடம் கவனம். பி.எல்.ஏ. என்ற தாவரப் பிளாஸ்டிக் பூசிய கப் 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு இருக்கும் பெரிய உரத் தொழிற்கூடத்தில் மக்கும், நம் தெரு உரக்குழியில் அப்படியே கிடக்கும். மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ். 17088 தரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், சான்று இருந்தாலும் அதை எந்தக் கூடத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். 2020-இல் மேலமாசி வீதிக் கடையொன்று பிஸ்கட்டிலேயே கப் செய்து டீ கொடுத்தது, குடித்துவிட்டுக் கப்பையும் தின்றுவிடலாம். நல்ல யோசனைதான், தினசரி நாலு டீ குடிப்பவருக்கு விலை கட்டாது.

முன்பணம் என்ற பழைய வழி

கோலி சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் யாராவது எடுத்துக்கொண்டு போக முடியுமா? கடைக்காரர் விடமாட்டார், இல்லாவிட்டால் பாட்டிலுக்கும் காசு வாங்கிவிடுவார். நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்தார்கள், காட்டில் கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வந்தன. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் 2016-இல் காபிக் கோப்பைக்கு ஒரு யூரோ முன்பணம் வாங்கும் முறையைத் தொடங்கினார்கள், நகரத்தில் சேர்ந்திருந்த எந்தக் கடையில் வேண்டுமானாலும் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. இதையே நம் தெருவில் பக்கத்துப் பக்கத்து நாலு டீக்கடை சேர்ந்து செய்யலாம். ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர், அடியில் ஒரே அடையாளம், பார்சலுக்கு எடுத்துப் போனால் டம்ளருக்கு 30 ரூபாய், எந்தக் கடையில் திருப்பினாலும் காசு. வாரக் கடைசியில் கடைக்காரர்கள் தங்களுக்குள் டம்ளரை எண்ணிக் கணக்கு நேர் செய்துகொள்வார்கள். நாலு கடையும் ஒன்றுக்கொன்று போட்டி என்றால் இது நடக்காது, உறவோ நட்போ இருக்கிற கடைகளில் தொடங்குங்கள்.

மாநகராட்சியிடம் எதைக் கேட்பது

தெருவில் இவ்வளவும் நடந்தபிறகு போனால்தான் கேட்பதற்குப் பலம் இருக்கும். "குப்பை அள்ளவில்லை" என்று பொதுவாக எழுதும் மனுவுக்கு மதிப்பு இல்லை. மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் உங்கள் வார்டு எது, கவுன்சிலர் யார், சுகாதார ஆய்வாளர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஏரியா சபைக் கூட்டம் நடக்கும் நாளைக் கேட்டு வையுங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவில் மூன்று விஷயம் மட்டும் போதும். ஒன்று, அடுக்கிக் காயவைத்த கப்பை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் தனியாக எடுக்கவேண்டும், எடுத்ததை எங்கே அனுப்புகிறார்கள் என்று சொல்லவேண்டும். இரண்டு, கப் மொத்தமாக விற்கும் கிடங்குகளில் சோதனை நடத்தவேண்டும், தெருக்கடையில் இல்லை. மூன்று, கிளாஸுக்கு மாறும் கடைக்குத் தண்ணீர் இணைப்பு கேட்டு மனு வந்தால் முன்னுரிமை கொடுக்கவேண்டும்.

கடைக்காரர், இரண்டு குடியிருப்பவர்கள், அந்தத் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் நல்லது. பணியாளரிடம் கையெழுத்து வாங்கும் முன் அதனால் அவருக்கு மேலதிகாரியிடம் பிரச்சினை வராதா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். மனுவோடு அந்த ஊறவைத்து உரித்த பாலிதீன் துண்டை ஒரு தாளில் ஒட்டி இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக் கடையிலேயே வையுங்கள், அடுத்த கூட்டத்துக்கு யார் போனாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.